பதினாலாம் அறைக்கு வெளியே

பத்து ஐம்பதுக்குக் கதவைச் சாத்தினார்கள். சாத்தினார்கள் என்றால் யாரும் அறைந்து சாத்தவில்லை, ஆலோசகர் சபூரா மேடம்தான் கைப்பிடியை மெல்லத் திருப்பிச் சத்தம் வராமல் சேர்த்தார். உள்ளே என் மகள் யாமினி, வெளியே பெஞ்சில் நான், நடுவில் பச்சைப் பெயிண்ட் அடித்த அரசாங்கக் கதவு. கதவில் வளரிளம் பருவத்தினர் மனநல ஆலோசனை மையம், அறை எண் பதினான்கு என்று எழுதியிருக்கிறது, ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் யாரும் அத்தனை நீளமாகச் சொல்வதில்லை, பதினாலாம் நம்பர், அவ்வளவுதான். சீட்டு போடுகிற ஜன்னலில்கூடப் பதினாலுக்கா என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் கிழித்துத் தருவார்கள், அந்தப் பார்க்காமல் இருந்த மரியாதைக்கு முதல் வாரம் நான் ஜன்னலோரமே நின்று அழுதுவிட்டேன். இன்று ஆறாவது வெள்ளிக்கிழமை. முதல் நாற்பது நிமிடம் பிள்ளைக்கு மட்டும். கடைசிப் பத்து நிமிடம் பெற்றவர்களைக் கூப்பிடுவார்கள், அதுவும் பிள்ளை சரி என்றால்தான். ஐந்து வெள்ளிக்கிழமை இந்தக் கதவு திறந்தது, ஐந்து தடவையும் யாமினி தனியாக வெளியே வந்து, துப்பட்டாவைச் சரிசெய்து, என்னைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அப்படியென்றால் ஐந்து தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். பதினாறு வயதுப் பெண் பெற்றவளை உள்ளே விடாதீர்கள் என்கிறாள், சர்க்கார் சம்பளம் வாங்குகிற ஒரு படித்த மனுஷி சரி என்று அதைக் கேட்டுக்கொள்கிறார். எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் பயம் வந்தது, இப்போது வருவது என்னவென்று தேடிப் பார்த்தால் மலைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். என் ஆயுளில் யாரும் என்னிடம் உனக்குச் சரியா என்று கேட்டு ஒரு கதவைத் திறந்ததில்லை. இன்றைக்காவது என்னைக் கூப்பிடுவாளா. கூப்பிட மாட்டாள். கூப்பிட்டாலும் கூப்பிடுவாள். சுவர்க் கடிகாரத்தில் இப்போது பத்து ஐம்பத்தாறு.

பக்கத்தில் நாச்சிமுத்து உட்கார்ந்திருக்கிறார், லாரி டிரைவர், ஈரோட்டுக்கும் நாக்பூருக்கும் மஞ்சள் ஏற்றிப் போகிறவர். மூன்று வாரமாகப் பழக்கம். முதல் நாள் உங்க பிள்ளை உள்ளே இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார், பையன் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லையாம், எட்டு மாதமாக அறைக்குள்ளேயே இருக்கிறானாம், இங்கே கூட்டி வரவும் முடியவில்லையாம். "அவன் வராட்டி நீங்க வாங்கன்னு சொன்னாங்கம்மா. அதான் நான் வாரேன்," என்றார். வந்து என்ன செய்வீர்கள் என்றேன். பேசுவேன் என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. இந்த ஆள் ஐம்பது வயதில், காக்கிச் சட்டையும் கையில் தூக்குப்போசியுமாக, லோடு ஏற்றுகிற நேரத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பதிலாகத் தானே வந்து உட்கார்ந்து தன் அப்பன் தன்னை அடித்த கதையைத் தன்னைவிடச் சின்னவரான சபூரா மேடத்திடம் சொல்லிவிட்டுப் போகிறார். போன வாரம் பையன் அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினானாம். ஒரு சாண் என்று விரலை விரித்துக் காட்டினார், அளந்து பார்த்தாராம். அவர் பேசப் பேச என் வலது கை மடியின் மேல் எழுதிக்கொண்டே இருந்தது, புடவைத் துணியில், ஆட்காட்டி விரலால், கோடும் வளைவும் புள்ளியுமாக. அவர் கவனித்துவிட்டு, என்னம்மா கை நடுங்குதா, டாக்டர்கிட்ட சொல்லுங்க என்றார். நடுக்கம் இல்லை, தொழில். நான் சார்பு நீதிமன்றத்தில் ஸ்டெனோ. இருபத்திரண்டு வருஷம். நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை என் கைக்குச் சாதாரணம், நூற்றைம்பதில் பேசுகிற ஒரு நீதிபதியிடம் நாலு வருஷம் இருந்தேன், ஒரு நாள்கூட இன்னொரு முறை சொல்லுங்கள் ஐயா என்று கேட்டதில்லை. கலாமணி எழுதினால் கமா கூடத் தப்பாது என்பார்கள். அந்தப் பெருமையில் ஒன்றும் குறைச்சல் இல்லை எனக்கு. மனுஷர்கள் பேசினால் என் கை எழுதும், பஸ்ஸில் எழுதும், கல்யாண வீட்டில் எழுதும், என் மாமியார் செத்தபோது ஒப்பாரியைக்கூட எழுதியது, நானாகச் செய்வதில்லை, அது பாட்டுக்கு ஓடும். காதில் விழுவது கைக்கு இறங்கிவிட்டால் மனசுக்குள் போகாது, அதுதான் அதில் உள்ள சௌகரியம். முன்பு செஷன்ஸ் கோர்ட்டில் இருந்தபோது கொலை வழக்கு, சின்னக் குழந்தை வழக்கு, எத்தனையோ எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டு மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கு யோசித்தால் அந்தச் சௌகரியம்தான் என் குடும்பத்தைக் கெடுத்தது போலத் தோன்றுகிறது, தோன்றுவதெல்லாம் உண்மையா என்று கேட்டால் தெரியவில்லை. பதினொன்று ஐந்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை. அதை நினைக்கக் கூடாது என்று பெஞ்சில் உட்காரும்போதே நினைத்துக்கொள்வேன், நினைத்துக்கொண்டதோடு அது வந்துவிடும். பக்கத்து வீட்டு சுலோச்சனா ஆபீசுக்குப் போன் செய்தாள், அக்கா உடனே வாங்க, யாமினி என் வீட்டில்தான் இருக்கா, உயிருக்கு ஒண்ணுமில்ல, நீங்க வாங்க. உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஒருத்தி ஏன் சொல்ல வேண்டும். நான் அப்போது ஒரு பாகப் பிரிவினை உத்தரவில் இருந்தேன், வடக்கு எல்லை பொதுத் தடம் என்பது வரை எழுதியிருந்தேன், அதற்குப் பிறகு அந்த நோட்டில் கோடு மட்டும்தான் இருக்கிறது, நீளமாக, பக்கத்தைத் தாண்டி. சுலோச்சனா தற்செயலாக எங்கள் வீட்டுக்குப் போனாளாம், காய்கறிக்காரர் வந்திருக்கிறார் என்று சொல்லலாம் என்று போனாளாம், பிள்ளை இருந்த நிலையைப் பார்த்துக் கையைப் பிடித்து இழுத்து வந்தாளாம். அந்தக் காய்கறிக்காரர் அன்று அரைமணி நேரம் தாமதித்திருந்தால். தெருவில் வேறு யாராவது வழிமறித்து அவரிடம் கத்தரிக்காய் பேரம் பேசியிருந்தால். அந்த அரை மணியை நான் பதினோரு வாரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன், சமையல் செய்யும்போது, தலை வாரும்போது, இதோ இங்கே. என் மகள் உயிரோடு இருப்பது ஒரு தள்ளுவண்டிக்காரரின் நடை வேகத்தால். இதை யாரிடம் போய்ச் சொல்வது. அவள் அப்பாவிடம் சொன்னால் நூற்பாலை ஷிப்டுக்கு நேரமாச்சு என்பார், அவருக்குப் பாசமில்லை என்று சொல்ல மாட்டேன், அவருக்கு இந்தப் பேச்சு வந்தாலே கை கால் ஆடிவிடும், மனுஷன் எழுந்து போய் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவார், டேங்க் நிரம்பி வழிந்தாலும் நிறுத்த மாட்டார். வார்டில் நாலு நாள் வைத்திருந்து அனுப்பும்போது டாக்டர் பதினாலாம் நம்பருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கவனமாக என்றால் எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கவனம் என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும். அன்று சாயங்காலமே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

எழுதினேன். அவள் சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன், தேதி, நேரம் போட்டு. காலை ஆறு நாற்பது, காபி வேண்டாம் என்றாள். ஏழு பத்து, ம். மாலை நாலரை, தலைவலி. தூக்கத்தில் உளறியது, போனில் சிநேகிதியிடம் சொன்னது, குளியலறையில் தனக்குள் முனகியது, கதவோரம் நின்று எழுதினேன். சுருக்கெழுத்தில் எழுதினால் யாருக்கும் புரியாது என்ற தைரியம். யாமினி இங்கே வரச் சம்மதிக்கவே ஐந்து வாரம் ஆனது. முதல் வெள்ளிக்கிழமை அதை சபூரா மேடத்திடம் நீட்டி, மேடம் எல்லாம் இதில் இருக்கிறது, ஒன்று விடாமல், நான் படித்துச் சொல்கிறேன் என்றேன், பாராட்டுவார் என்று நிஜமாகவே எதிர்பார்த்தேன். அவர் நோட்டை வாங்கவில்லை. யாமினிக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, நீங்கள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறீர்கள் என்று புரிகிறது என்றார், அவளிடம் நீங்களே சொல்லிவிட்டால் நல்லது என்றார். நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன், எழுதுவதையும் நிறுத்தவில்லை. மூன்றாவது வாரம் அவளே கண்டுபிடித்தாள். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, ஆள் பெயரை மட்டும் சுருக்கெழுத்தில் போட மாட்டோம், உயிரெழுத்தெல்லாம் விட்டுவிட்டுக் கோடு போடுவதால் ராமனும் ரமணியும் ஒன்றாகிவிடும், பெயர் மாறினால் வழக்கே மாறிவிடும், அதனால் பெயரை முழுசாக, தெளிவாக, சாதாரண எழுத்தில் எழுதுவோம். என் பெண் சாவி தேடி என் பையைத் திறந்திருக்கிறாள். பக்கம் பக்கமாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடு, நடுநடுவே யாமினி, யாமினி, யாமினி. நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இதுல என்னப் பத்தி என்ன எழுதிருக்க, படிச்சுக் காட்டு," என்றாள். நான் ஆபீஸ் வேலை கண்ணு, வேற யாமினி, ஒரு கேஸ் என்றேன். எவ்வளவு கேவலமான பொய். தேதியும் நேரமும் எண்ணில் இருக்கிறது, ஆறு நாற்பது என்று இருக்கிறது, நீதிமன்றம் எங்காவது ஆறு நாற்பதுக்குக் கூடுமா. அன்றிலிருந்து வீட்டில் ம் கூடக் கிடையாது. நீதிமன்றத்தில் கொலைகாரன் வாக்குமூலம் கொடுத்தாலும் கடைசியில் அவனுக்குப் படித்துக் காட்டுவோம், படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது என்று எழுதித்தான் கையெழுத்து வாங்குவோம். அந்த நீதியைக்கூட நான் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் ஒத்துக்கொண்டேன், மன்னிப்புக் கேட்டேன், நோட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன், வாங்கி மேஜையில் வைத்தாள், அது அங்கேயே இருக்கிறது. மன்னிப்பு என்பது கேட்டவுடன் டோக்கன் மாதிரி கையில் வந்து விழும் என்று நான் நினைத்திருக்கக் கூடாது.

பதினொன்று பதினெட்டு. உள்ளே சத்தமில்லை. முதல் வாரம் அந்த அறையை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், மூன்று நாற்காலி, நடுவில் மேஜை கிடையாது, ஃபைல் கிடையாது, எழுதுகிறவர் யாரும் கிடையாது. எழுதுகிறவர் இல்லாத ஒரு அறையில் பேச்சு நடக்கும் என்பதே எனக்குப் புதிது, சொன்னதெல்லாம் அப்புறம் எங்கே போகும் என்று மனசு தவித்தது. மேடம் ஒருமுறை நடைபாதையில் சொன்னார், சில நாள் உங்கள் பெண் நாற்பது நிமிடமும் ஒன்றும் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன், ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்போம் என்று. அப்புறம் என்ன செய்வீர்கள் என்றேன். உட்கார்ந்திருப்போம் என்று திரும்பவும் சொன்னார். நான் அதை வீட்டுக்குப் போய் அரிசி களையும்போது யோசித்தேன், களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தேன். ஒரு பிள்ளை பேசாமல் இருக்கும்போது அவளோடு சும்மா உட்கார்ந்திருக்க ஒருவரைப் படிக்க வைத்து, பரீட்சை வைத்து, உத்தரவு போட்டு, மாடியில் ஓர் அறையும் மின்விசிறியும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக நானும் சர்க்கார் உத்தியோகம்தான் பார்க்கிறேன், ஜப்தி உத்தரவு எழுதியிருக்கிறேன், வெளியேற்றுகிற உத்தரவு எழுதியிருக்கிறேன், சர்க்கார் இப்படியும் ஒரு காரியம் செய்யும் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. எங்கள் கோர்ட்டில் சாட்சி பேசாவிட்டால் அரை நிமிடம் பார்ப்போம், அப்புறம் சாட்சி பதில் சொல்லவில்லை என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நான் யாமினியிடமும் அப்படித்தானே போனேன். ஸ்கூல் எப்படி, பதில் இல்லை, டியூஷன் போனியா, பதில் இல்லை, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு, பதில் இல்லை, அடுத்த கேள்வி, அடுத்த கேள்வி, இரண்டு வருஷம். அந்த அரை நிமிடத்துக்கு அந்தப்பக்கம் என்ன இருந்ததோ. இப்போது நடைபாதை முனையில் மாராத்தாள் துடைப்பத்தோடு வருகிறாள், பதினாலாம் நம்பர் வாசலுக்கு வந்ததும் துடைப்பத்தைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு தாண்டிப் போய் அந்தப்பக்கம் பெருக்குகிறாள், யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நாச்சிமுத்து தூக்குப்போசியைத் தரையில் வைக்கும்போதுகூடக் காலின்மேல் தாங்கி வைக்கிறார். இந்தக் கதவுக்கு முன்னால் எல்லோரும் இப்படி ஆகிவிடுகிறோம். பதினொன்று இருபத்தேழு. கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்கிறேன், பரவாயில்லை இல்லை, உள்ளே போனால் என்ன சொல்வாளோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. உன்னால்தான் என்று சொல்வாள். சொல்லட்டும், அவள் வாயால் எதையாவது சொல்லட்டும். பதினொன்று முப்பது. முப்பத்தொன்று. கைப்பிடி திரும்புகிறது, யாமினியின் துப்பட்டா தெரியும் என்று பார்க்கிறேன், தெரியவில்லை, சபூரா மேடம் மட்டும் நிற்கிறார். "வாங்க கலாமணிம்மா, யாமினி உங்கள வரச் சொல்றா," என்கிறார். எழுந்திருக்கிறேன், பையை மறந்துவிட்டேன், நாச்சிமுத்து நான் பாத்துக்கறேன் போங்கம்மா என்கிறார்.

மூன்றாவது நாற்காலி எனக்கு. யாமினி தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் வீட்டில் தினமும் பார்க்கிற முகம்தான், ஆனாலும் யாரோ பெரிய மனுஷியின் அறைக்குள் அனுமதி வாங்கி வந்த மாதிரி எனக்கு நாற்காலியில் சாயத் தயக்கமாக இருக்கிறது. யாமினி பேசுவாள், அவள் முடிக்கிறவரை நாம் இரண்டு பேரும் கேட்போம் என்று மேடம் சொல்கிறார். மின்விசிறி சுற்றுகிறது. நிறைய நேரம் சுற்றுகிறது. அப்புறம் அவள், செருப்பைப் பார்த்தபடியே, "அன்னிக்கு சுலோச்சனாக்கா தானா வரலம்மா. நானாத்தான் அவங்க வீட்டுக்குப் போனேன்," என்றாள். எனக்கு முதலில் வார்த்தைகள்தான் கேட்டன, அர்த்தம் பின்னால் வந்தது. அன்று அவள் போய்விடுவதென்று முடிவு செய்திருக்கிறாள், கதவைத் தாழிட்டிருக்கிறாள், அப்புறம் பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த உதவி எண் ஞாபகம் வந்திருக்கிறது, எதற்கோ போனில் போட்டு வைத்திருந்தாளாம். அடித்திருக்கிறாள். ஒரு பெண் குரல் எடுத்திருக்கிறது, பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அந்தக் குரல் அழவில்லையாம், ஐயோ என்று சொல்லவில்லையாம், இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டதாம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதாம், நான் லைனிலேயே இருக்கிறேன், நீங்கள் எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க முடியுமா என்று கேட்டதாம். இவள் திறந்திருக்கிறாள். போனைக் காதில் வைத்தபடியே நடந்துபோய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்திருக்கிறாள். காய்கறிக்காரர் என்று யாருமே வரவில்லை. எங்கம்மாகிட்ட நான் வந்தேன்னு சொல்லாதீங்க, நீங்க வந்ததா சொல்லுங்க என்று சுலோச்சனாவிடம் சத்தியம் வாங்கியவள் இவள்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை, வாய் வரை வந்ததை முழுங்கினேன், ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எனக்குப் போன் பண்ணாம யாருக்கோ பண்ணிருக்கியேன்னு நீ கேப்பே. ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல. அதான். அந்த நோட்டுல இது இல்லேல்ல," என்றாள். இல்லை. இருநூறு பக்கத்தில் எங்கேயும் இல்லை. நான் பதினோரு வாரம் ஒரு தள்ளுவண்டிக்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், என் பிள்ளையைக் காப்பாற்றியது என் பிள்ளை. செத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்த அதே உடம்புக்குள், அதே நிமிடத்தில், வேறு ஒருத்தியும் இருந்திருக்கிறாள், எழுந்து நம்பரைத் தேடியிருக்கிறாள், தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறாள். அவளை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவள் காலில் விழ வேண்டும்போல் இருந்தது, பெற்ற மகள் காலில் விழுவார்களா, ஆனால் இருந்தது.

மேடம் ஒரு தாளை எடுத்து யாமினியிடம் கொடுத்தார், அவள் என்னிடம் நீட்டினாள். மனசு தாங்காத நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தாள். முதலில் அந்த உதவி எண். இரண்டாவது சுலோச்சனாக்கா. மூன்றாவது அம்மா. முதல் இரண்டும் பழைய மை, மூன்றாவது மட்டும் புதுசு. மூணாவதா இன்னிக்குத்தான் எழுதினேன் என்றாள். மூன்றாவது இடம். பதவி உயர்வு பட்டியலில் என் பெயர் வந்தபோதுகூட நான் அத்தனை தடவை படித்துப் பார்த்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் முதல்முறையாக என்னைப் பார்த்தாள், கண்ணில் கண்ணீர் இல்லை, களைப்பு இருந்தது. "ஆனா நீ கேக்கக் கூடாதும்மா. தெனம் மூஞ்சியப் பாத்துப் பாத்து எப்படி இருக்க, எப்படி இருக்கன்னு கேக்கற. கேட்டா எனக்குப் பொய் சொல்லத் தோணுது. இன்னிக்கு அந்த நெனப்பு இல்ல. நாளைக்குத் தெரியாது. வந்தா நானா வந்து சொல்றேன், தூங்கிட்டு இருந்தாலும் எழுப்பறேன்." எழுப்பு என்றேன். அந்த அறையில் நான் அவளிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான். உங்களுக்குப் பயம் வந்தால் அவளைக் கேட்காமல் என்னைக் கூப்பிடுங்கள், அடுத்த வாரம் உங்களுக்கும் தனியாக அரை மணி வைத்திருக்கிறேன் என்று மேடம் சொன்னார், நாச்சிமுத்துவின் வெட்கம் எனக்கும் வந்தது, சரி என்றேன். வெளியே வந்தோம். நாச்சிமுத்து பையைக் கொடுத்தார். யாமினி முன்னால் போகவில்லை, பக்கத்தில் நடந்தாள். படிக்கட்டில் எனக்கு இருபது கேள்வி வந்தது. அந்தப் பெண் குரல் இன்னும் என்ன சொன்னது, எத்தனை நேரம் பேசினாய், உனக்கு எப்போதிலிருந்து இப்படி, நான் செய்ததில் எது, நான் செய்யாததில் எது. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு படியில் விட்டுவிட்டு இறங்கினேன், இத்தனை கஷ்டமான வேலையை இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்ததில்லை. மருந்து வாங்குகிற வரிசையைத் தாண்டினோம், சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டினோம், கேட்டுக்கு வந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. பஸ்ஸா ஆட்டோவா என்று கேட்பதும் கேள்விதானே என்று நான் நின்றேன், அவளும் நின்றாள். எதிர்ச்சாரியில் ஒரு பிரியாணிக் கடை, பன்னிரண்டுகூட ஆகவில்லை, அப்போதுதான் அண்டாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்கள். "பசிக்குதும்மா," என்றாள் யாமினி. பதினோரு வாரத்தில் யாரும் கேட்காமல் அவளாகப் பசி என்று சொன்னது இதுதான் முதல்முறை. நான் அசையவில்லை. "பிரியாணி," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வெள்ளிக்கிழமைன்னு சொல்லாத," என்றாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது, என் அம்மா காலத்திலிருந்து கிடையாது, நான் பிறந்ததிலிருந்து ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. சாலையில் இரண்டு பக்கமும் பார்த்தேன், அவள் கையைப் பிடித்தேன், கடைக்குள் முதல் ஆளாக நான்தான் நுழைந்தேன்.